டக்சீடோ பிளாக் 815: பழைய ஸ்போர்ட்ஸ் கார்ப் பெயிண்டில் பாடபேத ஆராய்ச்சி

ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்த அறிஞர்கள் நம்மிடையே உண்டு. செப்பேடுகளில் மெய் எது, போலி எது என்று பிரித்துக் காட்டியவர்களும் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கம்பெனிப் பெயிண்டுக்கு மட்டும் தக்க உரையாசிரியர் வாய்க்கவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. கட்டுரையாளரிடம் கார் கிடையாது என்பதால் நடுநிலைமைக்குப் பங்கம் இல்லை.

முதலில் மூலபாடம் எது என்று தெளிவோம். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது காரின் மேல் இருந்த பெயிண்டே மூலபாடம். பின்னாளில் பட்டி பார்த்து, எமரி போட்டுத் தேய்த்து, மைத்துனருக்குப் பிடித்த கலரில் அடித்ததெல்லாம் இடைச்செருகல். இனி, 'அரிய வண்ணம்' என்பதற்கு இலக்கணம் வேண்டும். கிடைக்காததால் நாமே செய்தோம்:

வேண்டுநர் குறைந்த வண்ணமே பின்னாள்
வேண்டுநர் மிகூஉம் விலையும் மிகூஉம்.

கார் புதிதாக இருந்தபோது எவரும் சீந்தாத நிறமே, தலைமுறை கழிந்தபின் ஏலத்தில் அடித்துக்கொள்ளும் நிறமாகும் என்றவாறு. 'வண்ணமே' என்பதில் ஏகாரம் பிரிநிலை. எஞ்சின், பிரேக், ஓட்டம் ஆகியவற்றைப் பிரித்து ஒதுக்கியது.

சான்றுக்கு ஷெவர்லே கார்வெட். 1953-இல் மிச்சிகன் மாநிலம் பிளின்ட் நகரில் செய்தவை 300. முந்நூறும் போலோ ஒயிட் என்னும் வெள்ளை, உள்ளே சிவப்பு. இந்த ஆண்டால் நமக்குப் பயனில்லை. முந்நூறு பிரதியும் ஒரே பாடம் தந்தால் பதிப்பாசிரியனுக்குச் சோறு ஏது?

1967 அப்படியல்ல. அவ்வாண்டு செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை அனுப்பியவை 22,940 கார்வெட்டுகள், வண்ணங்கள் பத்து. முதலிடம் குட்வுட் கிரீன், 4,293. அடுத்து மெரினா ப்ளூ 3,840, மார்ல்பரோ மரூன் 3,464. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சிவப்பு என்று எண்ணுவோர் இங்கே சற்று நிற்கவும்: ரேலி ரெட் 2,341-உடன் நான்காவதாகத்தான் வருகிறது. சன்ஃபயர் யெல்லோ 2,325, சில்வர் பேர்ல் 1,952, எர்மின் ஒயிட் 1,423, லிண்டேல் ப்ளூ 1,381, எல்க்ஹார்ட் ப்ளூ 1,096 என்று இறங்கி இறங்கிக் கடைசிப் படியில் நிற்பது டக்சீடோ பிளாக். வெறும் 815. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

கறுப்பா அரிது! ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் மாடல் டி காரைக் கறுப்பு ஒன்றில் மட்டுமே விற்றார். ஊரெல்லாம் நிறைந்திருந்த நிறம் நாற்பதே ஆண்டில் இந்தக் காரில் நாதியற்றுப் போயிற்று. காரணம் காண்பது எளிது. கார்வெட்டின் மேனி தகரம் அன்று, ஃபைபர் கிளாஸ். ஒட்டுப் போட்ட இடமும் மேடுபள்ளமும் பளபளக்கும் கறுப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும். தவிர, கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு ஆராய்ச்சி தேவைப்படாது.

அடுத்தது ஒருபொருட் பன்மொழி. கிரைஸ்லர் நிறுவனத்துக்கு டாட்ஜ், பிளிமத் என இரு பிள்ளைகள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே பெயிண்டை இருவரும் பூசிக்கொண்டு வேறு வேறு பெயர் சொன்னார்கள். டாட்ஜ் சேலஞ்சரில் அது பிளம் கிரேஸி. அதே ஊதா பிளிமத் பாரகுடாவில் இன்-வயலட். ஆரஞ்சை ஒருவர் கோ மேங்கோ என்றார், மற்றவர் வைட்டமின் சி என்றார். மஞ்சளை அண்ணன் வாழைப்பழம் என்றால் தம்பி எலுமிச்சை என்கிறான்: டாப் பனானா, லெமன் ட்விஸ்ட். பேந்தர் பிங்க்குக்கோ பிளிமத் வைத்த பெயர் பாரிஸ் நடன அரங்கின் பெயரான மூலான் ரூஜ். காரின் தகட்டில் மட்டும் இரண்டுக்கும் ஒரே குறியீடு, எஃப்.எம்.3. நம் புடவைக் கடைகளில் இந்தக் குழப்பம் இல்லை. வாடாமல்லி என்றால் திருநெல்வேலியிலும் வாடாமல்லிதான், திருவள்ளூரிலும் வாடாமல்லிதான். (இவை ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, மசில் கார் என்று தகராறு செய்வோர் உண்டு. அவர்களைத் தனிக் கட்டுரையில் கவனிப்போம்.)

பழுப்பு நிறம் இலக்கணச் சிக்கலையே கிளப்பிவிட்டது. மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 செய்யப்பட்டது. அவற்றுள் 1995-ஐச் சேர்ந்த ஒன்றின் நிறம் கிரைட்டன் பிரவுன். அந்நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர் பெயரும் கிரைட்டன் பிரவுன்தான். நிறத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அப்படியானால் ஈண்டு 'பிரவுன்' பண்புப்பெயரா, குடும்பப்பெயரா? இரண்டும் என்பதே எம் துணிபு. சிலேடையைக் காரின் மேல் பூசிய இடம் வேறு எங்கும் கண்டிலம். 2021-இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் அது போன விலை 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அதுவரை அந்தக் கார் ஓடியிருந்த தூரம் 400 கிலோமீட்டருக்கும் குறைவு. நூற்பாவின் ஏகாரம் எஞ்சினை ஏன் பிரித்தது என்பது இப்போது விளங்கும்.

விலை இருக்கும் இடத்தில் போலிச் செப்பேடும் இருக்கும். 1967 கார்வெட்டில் குளோவ் பாக்ஸுக்குக் கீழே சிறு தகடு ஒன்றை ரிவெட் அடித்திருப்பார்கள். அதில் பெயிண்டின் எண் இருக்கும்: கறுப்புக்கு 900, குட்வுட் கிரீனுக்கு 983. பச்சையாய்ப் பிறந்த காரைக் கறுப்பாக்கி, 900 பொறித்த புதுத் தகட்டை அடித்து, பழையதுபோல் அழுக்கும் ஏற்றிவிட்டால் 815 என்பது 816 ஆகும். ஆகையால் வாங்க வருகிற கோடீசுவரர் டார்ச் லைட்டோடு காருக்குள் தலைகீழாய் மடங்கி ரிவெட் தலையைப் பரிசோதிக்கிறார். பிறகு கதவு இடுக்கிலும் டேஷ்போர்டின் முதுகிலும் பழைய பச்சை எட்டிப்பார்க்கிறதா என்று தேடுகிறார். கல்வெட்டுப் படியெடுப்பவர் முழந்தாளிடுவதைப் போன்றதே இது. கோட்டு மட்டும் விலை கூடியது.

இனித் தடை. கணக்கறிந்த நண்பர் ஒருவர் மேற்படி பத்து வண்ணங்களையும் கூட்டிப் பார்த்து, 22,930தானே வருகிறது, மீதி 10 எங்கே என்றார். கேட்ட அன்று இரவு உறக்கம் இல்லை. விடை: அந்தப் பத்தும் மேல்பூச்சே இல்லாமல், பிரைமரோடு போனவை. வேண்டுநர் குறைவு என்று பார்த்தால் 815 தோற்றது. அரியதிலும் அரிய வண்ணம், வண்ணம் இல்லாமை. நூற்பா உடைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். வண்ணம் பூசாதவை வண்ணத்தின் இலக்கணத்துள் அடங்கா. அவற்றைப் புறனடையில் வைத்தோம்.

எனினும் ஒரு விண்ணப்பம். இதைப் படிப்பவர் எவரிடமேனும் அந்தப் பத்தில் ஒன்று, பிரைமர் கலையாமல், ஷெட்டில் நிற்குமானால் தயவுசெய்து பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். மைத்துனர் கேட்டாலும்.