ஊசிக்குச் சாணை, கவுனுக்கு வெயில்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். ஊசியைத் தூக்கி எறிவது என்ற பேச்சே அப்போது கிடையாது. முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றிக் கொதிக்கவைப்போம். கிளவுஸில் காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும்; அங்கே பழைய கிளவுஸிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி, பவுடர் தூவி, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். பச்சைக் கவுன்களும் ஷீட்டுகளும் மொட்டைமாடி வெயிலில் காயும். கிழிந்ததைத் தைப்போம். தைக்க முடியாதது கருவிகளைச் சுற்றும் துணியாகிவிடும்.

அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வேரூன்றத் தொடங்கியிருந்த காலம். சிப்காட் பட்டறைகளிலிருந்து பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து யானை தாக்கிக் காயம்பட்டவர்கள் வருவார்கள். தியேட்டர் வாசலில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விரல் ஆபரேஷன் முடிந்தால் மிஞ்சுவது ஒரு கிண்ணம் காஸும் பஞ்சும்தான்.

இன்று அதே விரலுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் கவுன், டிரேப், டியூப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறை. நோயாளியைக் கத்தி தொடுவதற்கு முன்பே ஒரு பை நிறைந்துவிடுகிறது.

இந்த மாற்றம் காரணமில்லாமல் வரவில்லை. 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். மஞ்சள்காமாலைக் கிருமி ஊசி வழியே பரவுவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஊசிக்கல்லும் ஒட்டுப்போட்ட கிளவுஸும் போனது நல்லதே. அவை திரும்பி வர ஒருநாளும் கேட்கமாட்டேன். ஆனால் ஊசியோடு கவுனும் போயிற்று, ஷீட்டும் போயிற்று. அவற்றால் யாருக்கு என்ன தொற்று வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. துவைத்து ஆட்டோகிளேவ் செய்த துணி பாதுகாப்பானது என்பதை அன்றும் அறிந்திருந்தோம், இன்றும் அறிவோம்.

பழைய காலத்தில் எல்லாமே சரியாக இருந்ததென்று சொல்ல வரவில்லை. நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் கொல்லைப்புறக் குழிதான் குப்பைக்கு வழி. பஞ்சையும் ரப்பரையும் அதிலேயே கொளுத்துவார்கள், நாய்கள் கிளறும். 1998-இல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தன, 2016-இல் அவை திருத்தி எழுதப்பட்டன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துப் போடும் முறை உயிர்காக்கும் முறை. ஆஸ்பத்திரிக் குப்பையில் ஆபத்தானது ஏறத்தாழ 15 சதவீதமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவசரத்தில் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்தால் எரிக்கத் தேவையில்லாததும் சூளைக்குப் போய்ப் புகையாகிறது. பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் நஞ்சு உண்டாகும். அதைச் சுவாசிப்பவர் சூளைக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

இப்போது இளம் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

“சிஸ்டர், இந்தக் கவரை எதுல போடறது?”

“ரத்தம் பட்டிருக்கா?”

“இல்ல சிஸ்டர்.”

“அப்ப மஞ்சளுக்கு அதுல வேலையே இல்லம்மா. வெறும் பேப்பர்தானே, தனியா வை.”

கண்ணுக்குத் தெரியாத கழிவும் உண்டு. மயக்கம் கொடுக்கும் எங்கள் பாயில்ஸ் மெஷினிலிருந்து ஹாலோத்தேன் வாயு நேரே அறைக்குள்தான் வெளியேறும். மாலையில் எங்களுக்கே தலை கனக்கும். இப்போதைய தியேட்டர்களில் குழாய் வைத்து வெளியே விடுகிறார்கள். எங்கள் தலைவலி போயிற்று, வாயு வானத்தில் தங்கிவிட்டது. மயக்க வாயுக்களில் ஒன்றான டெஸ்ஃப்ளுரேன் ஒரு கிலோ நூறாண்டுக் கணக்கில் சுமார் 2,500 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இன்னொரு மயக்க வாயுவான செவோஃப்ளுரேன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், மருத்துவ ரீதியாக வேறு வழியில்லாத நேரம் தவிர, டெஸ்ஃப்ளுரேனை விலக்கிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு ஆறு லிட்டரிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தாலே பெரும் மிச்சம். ஆபரேஷன் இல்லாத இரவில் ஏ.சி.யின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிஞ்சும். ஓசூர் இரவில் குளிர்ந்த ஊர்தானே.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களிடம் நான் மதுரையைக் காட்டுகிறேன். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அங்கே ஒரு கண்புரை அறுவைக்கு 250 கிராம் கழிவு, சுமார் 6 கிலோ கரியமில வாயு. பிரிட்டனில் அதே அறுவைக்கு வெளியாகும் கரியமில வாயு இதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. கருவிகளை உடனுக்குடன் ஆட்டோகிளேவ் செய்கிறார்கள், துணி கவுன் உடுத்துகிறார்கள், ஒரு சொட்டுமருந்துப் பாட்டிலைப் பலருக்குப் பயன்படுத்துகிறார்கள். தொற்றோ மேல்நாடுகளைவிடக் குறைவு. கண் அறுவையின் முறையை வயிற்று அறுவைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் எதை எறிய வேண்டும், எதைத் துவைக்கலாம் என்று ஒவ்வொரு பொருளாக யோசித்த அந்த உழைப்பை எந்த தியேட்டரும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் அன்றன்று எவ்வளவு ஸ்கிராப் விழுந்தது என்று ஷிப்டு முடிவில் எடைபோட்டு எழுதுவார்கள். கூடினால் காரணம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலும் சட்டப்படி பை பையாக எடை எழுதுகிறோம். எந்த ஆபரேஷனில் எவ்வளவு என்பதை மட்டும் எழுதுவதில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஒவ்வொரு தியேட்டர் வாசலிலும் ஒரு தராசு வையுங்கள். ஆபரேஷன் ரிஜிஸ்டரில் நோயாளியின் பெயர், வயது, டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: குப்பை, கிலோவில்.