கையால் ஒடித்த காலம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் திறந்ததும், அந்த வட்டாரம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளாக ஆனது. ஐடிஐயும் டிப்ளமாவும் முடித்த எங்கள் பக்கத்துப் பையன்கள் திருநெல்வேலியில் ரயிலேறி அங்கே போனோம். முரசொலி மாறன் மத்திய வர்த்தக அமைச்சராக இருந்தபோது வந்த சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டத்தில் எங்கள் பக்கத்து நாங்குநேரியும் இருந்தது. அதற்காக ஒதுக்கிய சுமார் 2,500 ஏக்கரில் உடைமரம் நிற்க, அந்த ஊர்ப் பிள்ளைகள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் போர்டு ஒடித்தோம்.

ஒடிப்பதுதான் என் வேலை. சர்க்யூட் போர்டுகள் லைனில் ஒற்றையாக ஓடுவதில்லை. நாலும் எட்டுமாக ஒரே பேனலில் ஓடும். பாகங்கள் ஏறி, சால்டர் ஆன பிறகு பிரிக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் போர்டில் மேலும் கீழும் வி-கட் போட்டு, நடுவில் மூன்றில் ஒரு பங்கை விட்டிருப்பார்கள். மேசை விளிம்பில் வைத்துப் பனங்கிழங்கை ஒடிப்பதுபோல ஒடித்துவிடுவோம். மெஷின் வேண்டாம், செலவில்லை என்பதாலேயே கை வேலையாக இருந்தது. வேறு வழி உண்டா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

டெஸ்டில் தேறிப் போன போர்டுகள் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தன. முதலில் பழி சால்டர் மேல் விழுந்தது. கடைசியில் ஒரு போர்டை அறுத்து, ரெசினில் பதித்து, தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். செராமிக் கெப்பாசிட்டரின் அடியில், சால்டர் முடிகிற இடத்திலிருந்து சாய்வாக மேலேறும் மயிரிழை விரிசல். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போர்டு வளைந்தாலும் செராமிக் வளையாது; அதனால் வெடிக்கிறது. பிறகு ஈரம் இறங்கி ஒருநாள் ஷார்ட் ஆகிறது. கெட்டுப்போனவை எல்லாம் ஒடித்த விளிம்பை ஒட்டியே இருந்தன.

இப்போது என் அக்கா மகன் அதே பக்கத்தில் ரூட்டர் மெஷின் ஓட்டுகிறான். “கைய வச்சு ஒடிச்சா மெமோ குடுத்துருவாவ மாமா” என்கிறான். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள பிட் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றி, போர்டுகளை இணைக்கும் டேப் என்ற சிறு பாலத்தை மட்டும் அரைத்தெடுக்கிறது. பறப்பது கண்ணாடி இழைத் தூள், நுரையீரலுக்கு ஆகாது. அதனால் உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். போர்டில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, எவ்வளவு வளைகிறது என்றும் அளக்கிறார்கள்.

ரூட்டர்தான் எல்லாவற்றுக்கும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நேர்க்கோட்டு விளிம்பாக இருந்து, பாகங்கள் தள்ளியிருந்தால் வி-கட்டும் சக்கரக் கத்தியும் போதும், வேகமும் கூட. மாடல் மாறாமல் லட்சக்கணக்கில் ஓடினால் டை போட்டுப் பஞ்ச் பண்ணலாம். மெல்லிய ஃபிளெக்ஸ் போர்டுக்கு யூவி லேசர் நல்லது. தொடாமல் வெட்டுவதால் அழுத்தமே இல்லை. ஆனால் தடித்த போர்டில் நேரம் பிடிக்கும், விளிம்பும் கருகலாம். கெப்பாசிட்டர் விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் கை பக்கமே போகக் கூடாது. கெப்பாசிட்டரை, ஒடிக்கும் கோட்டுக்கு இணையாகத் திருப்பி வைத்தாலே விரிசல் வெகுவாகக் குறையும். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் பேனல் வரையும் நாளிலேயே முடிவாக வேண்டியவை. ரூட்டர் பிட் போக இடைவெளி விட்டால் பேனலில் போர்டு குறையும். அந்தக் கணக்கைக் கடைசி மேசையில் நிற்பவன் மாற்ற முடியாது.

கங்கைகொண்டானில் 2025-இல் திறந்துவைக்கப்பட்ட சோலார் ஆலை ஓடுகிறது. ஆலை வேலை நம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. நெல்லைப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பிள்ளைகள் கையில் ஒரு பேனலைக் கொடுத்து ஒடிக்கச் சொல்லுங்கள். பிறகு அதன் விளிம்பில் உள்ள கெப்பாசிட்டரை அறுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டுங்கள்.