எட்டுப் பேருக்கு ஒரு நாற்காலி

வாங்க மாப்ள, ப்ரொபசரே. ஒக்காருங்க. இப்ப எட்டுப் பேரு உங்ககிட்ட பிஎச்டி பண்றாங்களாமே? எந் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. ப்ரொபசருன்னா எட்டு, அசோசியேட்டுன்னா ஆறு, அசிஸ்டென்டுக்கு நாலு. அதுக்கு மேல ஆளு சேக்கக் கூடாதுன்னு யுஜிசி சட்டம் வெச்சிருக்குதாம். இல்லீன்னா நீங்க விட்டிருப்பீங்களா, ஒரு பஸ்ஸு ரொப்பியிருக்க மாட்டீங்க? இதெல்லாம் எனக்கு எம் பேத்தி சொல்றதுதான். அவளும் வேறொரு ஊரு யுனிவர்சிட்டியில எலியோடயும் செல்லோடயும் மல்லுக்கட்டிட்டுத்தான் இருக்கறா. அவ போன்ல பொலம்பறதக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பட்டம் வந்துபோச்சு. அந்தத் தகுதியில உங்களுக்குக் கொஞ்சம் புத்தி சொல்றனுங்க.

ஞாயித்துக்கெழம லீவு மட்டும் விட்டுப்போடாதீங்க. முப்பத்தேழு டிகிரிச் சூட்டுல வளர்ற செல்லுக்கு நோம்பி நாளு தெரியுமா? ரெண்டு மூணு நாளைக்கொருக்காத் தீனி மாத்தோணுமாம். போன தீவாளிக்கு எம் பேத்தி எண்ண வெச்ச தலையோட லேபுக்கு ஓடுனா. நாலஞ்சு பேரு இருக்கறீங்க, மொற போட்டுப் பாத்துக்கக் கூடாதா கண்ணுன்னேன். "எங்க மேடத்துக்குப் புடிக்காது அப்புச்சி"ன்னு சொல்லிப்போட்டா. மொற போட்டா புள்ளைக ஒருத்தர் வேலைய ஒருத்தர் கத்துக்குவாங்க, ஒத்துமையாப் போயிருவாங்க. அப்புறம் உங்களுக்கு யாரு பயப்படுவா?

அடுத்து காசு. ஆராய்ச்சி பண்ற புள்ளைகளுக்கு ஜேஆர்எஃப்புன்னு குடுக்கற உதவித்தொகை மாசம் 31,000 இருந்தத 2023 சனவரியில இருந்து 37,000 ஆக்குனாங்க. ரெண்டு வருசம் தாண்டுனா எஸ்ஆர்எஃப்புன்னு 42,000. காயிதத்துல பாத்தா எனக்கே படிக்கப் போலாம்னு ஆசை வருது. ஆனா அது மாசாமாசம் வந்தாத்தானுங்களே? மூணு மாசத்துக்கு ஒண்ணும் வராம நாலாம் மாசம் சேத்தி வந்தா, நடுவால மெஸ்ஸுக்காரன் சும்மா சோறு போடுவானா? நீங்க ஆபீசுக்குப் போயி இந்தப் பில்லு ஏன் நிக்குதுன்னு கேட்டுப்போடாதீங்க. கிளார்க்கு மேசைக்கு முன்னால ப்ரொபசரு நின்னா கௌரவம் என்னாகறது? செலவுக் கணக்கு போனாத்தான் ப்ராஜெக்டுக்கு அடுத்த தவணை வரும்ங்கறாங்க. அந்தக் கணக்குல கையெழுத்துப் போடோணும்னு உங்க மேசைமேலதான் கெடக்குது. கெடக்கட்டும், அதென்ன கீரையா, அழுகிப்போறதுக்கு?

அடுத்து பேரு. அதுக்கு இன்சுலின் கதையச் சொல்லலீன்னா எனக்குத் தூக்கம் வராது. நான் தெனமும் வயித்துல குத்திக்கறனே, அது டொரான்டோ யுனிவர்சிட்டியில 1921 கோடையில ஆரம்பிச்ச வேலையாம். பேன்டிங்குன்னு ஒரு டாக்டரு, ஒத்தாசைக்கு பெஸ்டுன்னு இருவத்திரெண்டு வயசுப் பையன். லேபும் நாயும் குடுத்தது மெக்லியோடுங்கற ப்ரொபசரு. குடுத்துப்போட்டு அவரு ஸ்காட்லாந்துக்குப் போயிட்டாரு. (அவரையும் கொறையாச் சொல்லக் கூடாதுங்க, வழி சொன்னவரு அவருதான்.) 1923ல நோபல் பரிசு வந்துச்சு, பேன்டிங்குக்கும் மெக்லியோடுக்கும். பையன் பேரக் காணோம். பேன்டிங்குக்கு வந்துச்சு பாருங்க கோவம், தம் பங்குப் பணத்துல பாதியப் பெஸ்டுக்குக் குடுத்துட்டாரு. அதப் பாத்து மெக்லியோடும் தம் பங்குல பாதிய, மருந்தச் சுத்தம் பண்ணிக் குடுத்த காலிப்புக்குக் குடுத்தாரு.

நீங்க அந்த மாதிரி ஏமாளியா இருக்காதீங்க மாப்ள. உங்க படிப்புல கட்டுரைக்கு மொதப் பேரு வேலை செஞ்சவனுக்கு, கடைசிப் பேரு கைடுக்குன்னு ஒரு மொற இருக்குதாமே? கடைசி எப்படியும் உங்களுது. மொதலயும் உங்க கூட்டாளி மவனுக்குக் குடுத்துப்போட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜெல்லு ஓட்டுன புள்ள நடுவால பத்துப் பேரோட நின்னுக்கும். ஆய்வேட்டுக்குக் கட்டுரை கட்டாயமில்லைன்னு 2022லயே யுஜிசி சொல்லிப்போட்டுதுங்கறீங்களா? நாயந்தான். வேலைக்குப் போற எடத்துல கேக்காமயா உடறாங்க?

அதே யுஜிசி சட்டத்துல பிஎச்டி மூணு வருசத்துக்குக் கொறையாம, ஆறு வருசத்துக்கு மேல போகாமன்னு இருக்குதாம். கேட்டா இன்னும் ரெண்டு வருசம். நீங்க கேளுங்க. மிஷினு ரிப்பேரானா சரி பண்றவன், புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவன், உங்க மவளுக்கு ட்யூசன் எடுக்கறவன், அப்படியாப்பட்டவனப் போயி யாராச்சும் சீக்கிரம் அனுப்புவாங்களா? நாப்பது நாளு நாத்தங்கால்லயே நின்ன நாத்தும் பச்சையாத்தான் இருக்கும். புடுங்கி நட்டா தூரு கட்டாது, அவ்வளவுதான்.

இப்ப ஒரு கணக்குப் போடுங்க. நீங்க ரிட்டயர்டு ஆகறதுக்குள்ள முப்பது பேரையாச்சும் டாக்டராக்கி உட்டுருவீங்க. நீங்க எந்திரிச்சா காலியாகறது ஒரு நாற்காலி. மிச்சம் இருவத்தொம்பது பேரு? மருந்துக் கம்பெனி, மருந்த மனுசனுக்குக் குடுத்துப் பாக்கற வேலை, பேட்டென்ட்டு, எழுத்து வேலைன்னு என்னென்னமோ இருக்குதாம். உங்க லேபுல அதப்பத்தி வாயத் தெறந்தா, ஓடிப்போன பொண்ணப் பாக்கற மாதிரியில்ல பாப்பீங்களாம்! அமெரிக்காவுல மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற என்ஐஎச்சு இருக்குதே, அவங்க ஒரு வேலை பண்றாங்க. ஒவ்வொரு மாணவனும் தான் என்னாகோணும், அதுக்கு என்ன கத்துக்கோணும்னு கைடோட ஒக்காந்து எழுதி வெச்சுக்கறது நல்லதுங்கறாங்க. அந்தக் காயிதத்த எப்படிப் பயன்படுத்தறீங்கன்னு 2014ல இருந்து வருசாந்தர அறிக்கையிலயே சொல்லச் சொல்றாங்க. எழுதி என்னாகப் போகுதுங்க, அதையும் உங்க மேசைமேலதான வெப்பாங்க?

வெளிய காருக்குள்ள ஒரு பையன் ஒக்காந்திருந்தான். டிரைவருன்னு நெனச்சுக் காப்பி கொண்டுட்டுப் போனேன். பாத்தா, நாலாம் வருசம் பிஎச்டியாம்! உங்கள நோம்பிக்கு ஓட்டிட்டு வந்திருக்கறான். படிச்சு முடிச்சு என்ன பண்ணலாம்னு இருக்கற சாமின்னேன். அர மணி நேரம் பேசுனான். கைடுகிட்டச் சொன்னியான்னா, "அவரு கேட்டதில்லீங்க"ங்கறான். என்ன சொன்னான்னு எங்கிட்டக் கேக்காதீங்க மாப்ள. பொழுதோட கெளம்பறப்போ காரு நீங்க ஓட்டுங்க. ஊரு போய்ச் சேர ரெண்டு மணி நேரமாகும், பக்கத்துல ஒக்காந்துட்டு அவன் பேசிட்டு வரட்டும்.