காலி இருக்கையின் கௌரவம்

2009இல் நியூயார்க்கில் திறந்த புதிய யாங்கி பேஸ்பால் ஸ்டேடியத்தைக் குறை சொல்பவர்களுக்கு வியாபார நுணுக்கம் தெரியாது. களத்தை ஒட்டிய மெத்தை இருக்கைகள், அப்போது ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர் வரை. அவை காலியாகக் கிடந்தன என்கிறார்கள். தலை மறைக்காமல் ஆட்டம் பார்க்கும் பாக்கியம் பின்வரிசைக்காரருக்கு வேறெங்கே வாய்க்கும்? அவர் முன்னேறிவந்து அல்லல்படாதிருக்க நடுவில் கான்கிரீட் தடுப்பும் எழுப்பினார்கள். மலிவு இருக்கைகள் சிலவற்றிலிருந்து பார்த்தால் உணவகம் மறைத்தது என்பது அடுத்த புகார். அதற்குத்தான் சுவரில் டிவி மாட்டினார்களே! வீட்டில் ஓசியாகப் பார்ப்பதைக் காசு கொடுத்துப் பார்த்தால்தான் மதிப்பு. பிறகு சில இருக்கைகளின் விலையை 1,250ஆக இறக்கியது மட்டும் சறுக்கல்; கண்டவரும் வந்துவிடுவார்கள். சாமானியரை ஒதுக்கினார்கள் என்பதும் அபாண்டம். கட்டியது வரிவிலக்குக் கடன்பத்திரத்தில். அந்த வரியிழப்பின் வழியே டிக்கெட் வாங்காதவரும் பணம் கட்டியாயிற்று.