விலையைக் கேட்டாலே ரத்த அழுத்தம்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் என் மகன் இங்கே மாத்திரையாக வாங்கிக் குவிக்கிறான். அங்கே கிடைக்காத மருந்தா?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு.

பதில்: கிடைக்கும். விலையைக் கேட்டால்தான் ரத்த அழுத்தம் ஏறும்! நம் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்ல, தயாரிக்கும் முறைக்கே உரிமை தந்தது. அதே மருந்தை நம் கம்பெனிகள் வேறு வழியில் மலிவாகச் செய்தன. 2005-ல் மருந்துக்கே உரிமை என்று சட்டம் மாறியது. ஆனாலும் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும் மருந்து, இங்கே பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. எத்தனை குடும்பங்கள் பிழைத்தன!

நீங்களும் அட்டையைத் திருப்பி, பிராண்டோடு அச்சிட்டிருக்கும் ‘அம்லோடிபின்’ போன்ற மூலப்பெயரைப் பாருங்கள். மூலப்பெயர் மருந்துகளை மலிவாக விற்கும் தமிழக அரசுத் திட்டமான முதல்வர் மருந்தகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மகன் கையில் டாக்டர் சீட்டும் இருக்கட்டும். விமான நிலையத்தில் அதிகாரிகள் அதைக் கேட்கலாம்.