பாபேஜும் ஒரு ஆஷ்ட்ரேயும்

உங்கள் மேஜை மேல் இருக்கும் குட்டி சி.என்.சி. மெஷின் நேற்றுவரை சமர்த்தாகத்தான் இருந்தது. இன்று வீட்டுக்குப் பெயர்ப்பலகை செதுக்கும்போது நடுவில் ஒரு ‘டர்ர்ர்’. ‘முருகன்’ என்பதில் ‘கன்’ மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளிக் குடித்தனம் போய்விட்டது. உடனே சாஃப்ட்வேரைத் திட்டுகிறீர்கள், கரண்டைத் திட்டுகிறீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். உங்களுக்கு முன்னால் திட்டியவர்களுக்கெல்லாம் இன்று என்சைக்ளோபீடியாவில் தனிப்பக்கம்!

முதல் ஆசாமி சார்லஸ் பாபேஜ். ‘கம்ப்யூட்டரின் தந்தை’ என்று குவிஸ் புத்தகங்களில் வருகிற அதே பாபேஜ். 1823-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணத்தில், பல்சக்கரங்களால் கணக்குப் போடும் ‘டிஃபரன்ஸ் எஞ்சின்’ கட்டக் கிளம்பினார். 17,000 பவுண்டுக்கு மேல் கரைந்தது. கையில் நின்றது முழு மெஷினில் சுமார் ஏழில் ஒரு பங்கு. ஷோகேஸில் வைக்க அருமையான சைஸ்.

மீதி எங்கே? மெக்கானிக்கோடு தகராறு. ஜோசப் கிளெமென்ட், நுணுக்க வேலையில் லண்டனிலேயே கில்லாடி. பில் போடுவதிலும் அப்படியே. 1833-ல் இருவரும் முட்டிக்கொள்ள, வேலை நின்றது. யார் காசில் செய்திருந்தாலும் கருவிகள் செய்தவனுக்கே சொந்தம் என்பது அன்றைய தொழில் வழக்கம். ஆகவே டூல்ஸ் எல்லாம் கிளெமென்ட்டுக்கு, டிராயிங் எல்லாம் பாபேஜுக்கு.

ஆனால் அந்த டிராயிங்கில் ஒரு விஷயம் இருக்கிறது, கும்பிடலாம். ஏதாவது ஒரு சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவே அரைகுறையாக நின்றால், மெஷின் தப்பான விடை தரக்கூடாது. அப்படியே இறுகி நின்றுவிட வேண்டும். பொய் சொல்வதைவிட மக்கர் பண்ணுவது மேல்! மனிதர் காலத்தில் அது முழுசாகக் கட்டப்படவே இல்லை என்பதால், கடைசிவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சத்தத்துக்கு வருவோம். பாபேஜுக்குத் தெருவில் ஆர்கன் வாசிப்பவர்களைக் கண்டால் ஆகாது. தன் உழைப்பில் கால்வாசியை அவர்கள் தின்றுவிட்டதாகவே எழுதினார். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? வேண்டுமென்றே அவர் ஜன்னலடியில் கச்சேரி வைக்க ஏற்பாடு செய்தார்கள். 1864-ல் தெரு இசையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. எஞ்சினை முடிக்காதவர், எரிச்சலுக்கு மட்டும் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருந்தார்.

இதற்குள் ஸ்வீடனில் கேயோர்க் ஷொய்ட்ஸ் என்ற பத்திரிகைக்காரர் பாபேஜின் எஞ்சினைப் பற்றிப் படித்துவிட்டு, டீன் ஏஜ் மகன் எட்வர்டோடு சேர்ந்து தானும் ஒன்று கட்ட உட்கார்ந்தார். மரச்சட்டம், கைக்கருவிகள், சாதாரண லேத். சுத்தமான ஹாபி கேஸ். 1843-ல் அது ஓடியேவிட்டது! பாபேஜின் அந்த ‘இறுகி நிற்கும்’ பூட்டுகளை மட்டும் அப்பாவும் பிள்ளையும் விட்டுவிட்டார்கள். ஆக, தப்பே செய்யாத மெஷின் பேப்பரில்; ஓடுகிற மெஷின் எப்போது தப்பும் என்று தெரியாது.

ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதிப்போம். அமெரிக்காவில் மிச்சிகன், ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கை செய்கிறவர். வளைவைத் துல்லியமாக வெட்ட அவர் கண்டுபிடித்த வழி: ஒருவர் நம்பர்களை உரக்கப் படிப்பார், ஒருவர் எக்ஸ் கைப்பிடியைச் சுற்றுவார், இன்னொருவர் ஒய் கைப்பிடியை. உலகின் முதல் சி.என்.சி. மூன்று வேளையும் சாப்பிட்டது.

இதை ஆட்டோமேட்டிக் ஆக்க 1949-ல் விமானப்படை பார்சன்ஸுக்கு கான்ட்ராக்ட் தந்தது. அவர் உதவிக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் கான்ட்ராக்டே எம்.ஐ.டி. கைக்கு நகர்ந்துவிட்டது. வரலாற்றில் பதிவான முதல் ஆக்சிஸ் டிரிஃப்ட்.

1952-ல் எம்.ஐ.டி. மெஷின் ஓடியது. வால்வுகள் நிறைந்த கன்ட்ரோல் பெட்டி, மில்லிங் மெஷினைவிடப் பெரியது. 1959-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஆங்கிலச் சொற்களாலேயே மெஷினுக்கு உத்தரவு போடும் ‘ஆப்ட்’ மொழியைக் காட்டினார்கள். எதிரியே நெருங்காத போர்த்தளவாடங்கள் இனி வரும் என்று முழங்கியதாம் ராணுவத் தரப்பு. அன்று வந்தவர்களுக்குக் கிடைத்தது ஓர் அலுமினிய ஆஷ்ட்ரே!

எம்.ஐ.டி.யின் அந்தக் குண்டான கன்ட்ரோல் பெட்டியை மட்டும் கிண்டல் செய்யாதீர்கள். ஆக்சிஸ் நிஜமாகவே எங்கே நிற்கிறது என்று அது திருப்பிக் கேட்டுச் சரிபார்த்தது. உங்கள் மேஜை மெஷின் கேட்பதில்லை. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் வழுக்கினாலும் கன்ட்ரோலருக்குத் தகவல் வராது, போட்ட ஜி.ஓ. எல்லாம் அமலாகிவிட்டது என்று நம்பும் அமைச்சரைப் போல அடுத்த உத்தரவுக்குப் போய்விடும். அந்த ‘டர்ர்ர்’தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே புகார் மனு.

எனவே சத்தம் வந்தால் வேகத்தையும் ஆக்சிலரேஷனையும் குறையுங்கள். கரண்டை அணைத்துவிட்டு ஆக்சிஸைக் கையால் நகர்த்தி எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். சத்தமே இல்லாமல் போகப் போக விலகினால், மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங் மேல் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூவின் ஆட்டம், அதாவது பேக்லாஷ், திசை திரும்பும்போது ஒரே அளவுதான் திருடும், ஏறிக்கொண்டே போகாது. ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் குற்றவாளி கிரப் ஸ்க்ரூ. ஆலன் கீயை எடுத்து இறுக்குங்கள். பாபேஜைப் போல மெக்கானிக்கோடு மட்டும் சண்டை வேண்டாம்.