ரெண்டு பவுன் இஞ்சின்

மெக்லாரன் எஃப்1 உசத்தியா, ஃபெராரி எஃப்50 உசத்தியா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. இரண்டையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. மெக்லாரன், பந்தய வண்டிகளையும் சேர்த்து உலகத்துக்கே 106தான். ஃபெராரி 349. அவற்றில் ஒன்று வழிதவறிப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாலும் முதல் வேகத்தடையில் வயிறு தட்டி நின்றிருக்கும். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் 1997இல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட் 2’ விளையாட்டும், பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரும், கரண்ட் இருக்கும் நேரமும்தான்.

அண்ணன் ஃபெராரி கட்சி. ஏன் என்று கேட்டால், “ஃபெராரின்னா ஃபெராரிதாம்ல” என்பான். இதை எதிர்த்து எந்த வக்கீலும் வாதாட முடியாது. நான் மெக்லாரன். என்னிடம் காரணங்கள் இருந்தன. அதனாலேயே விவாதத்தில் தோற்றேன்.

கார்டன் மர்ரே வடிவமைத்த வண்டி, பிஎம்டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் இஞ்சின் என்று நான் ஆரம்பித்தால், அண்ணன் 4.7 லிட்டர்தான் என்றாலும் தன் இஞ்சினின் பூர்வீகத்தை எடுத்துவிடுவான். அது 1990ஆம் வருஷத்து ஃபார்முலா ஒன் காரின் வம்சம். ரப்பர் தாங்கி எதுவும் வைக்காமல் கார்பன் கூட்டோடு நேராக முடுக்கியிருப்பார்கள். இஞ்சின் உறுமுகிற ஒவ்வோர் உறுமலும் ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்கே வந்து சேரும். “அதாம்ல சொகம்” என்பான் அண்ணன், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. கோடிகளைக் கொட்டிக் கொடுத்தவர் அந்தக் காரில் ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும் என்பதை நான் ஞாபகப்படுத்துவேன். எடை குறையுமாம்.

வெற்றிலை இடிக்கிற சாக்கில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சிக்கு இரண்டு சந்தேகங்கள் வந்தன.

முதல் சந்தேகம், இருக்கை பற்றி. மெக்லாரனில் ஓட்டுகிறவர் நட்டநடுவில் உட்காருவார். அவருக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு இடம். உலகமே வியந்த ஏற்பாடு என்று நான் விளக்கி முடித்ததும் ஆச்சி சொன்னாள்: “நம்ம ஷேர் ஆட்டோக்காரன் அப்படித்தானல உக்காருதான்?” சங்கரன்கோவிலிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில் டிரைவரின் இரு தொடைகளையும் ஒட்டி இருவர் உட்கார்ந்து வருவதை நானும் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது, தங்கம். மெக்லாரனின் இஞ்சின் அறைக்குள் சூட்டைத் திருப்பியடிப்பதற்காகத் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். ஏறத்தாழ 16 கிராம் என்று சொல்வார்கள். ஆச்சியின் கை உலக்கையோடு நின்றுவிட்டது. “ரெண்டு பவுனையா? இஞ்சின்லயா? வெளங்குமா? கரியால்லா படியும்!” அன்றோடு ஆச்சி ஃபெராரி கட்சிக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு ஓட்டு நஷ்டம்.

இனி பந்தயம். திரையை இரண்டாக வெட்டி இருவரும் ஓட்டலாம். நார்வேயில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ‘புரூவிங் கிரவுண்ட்ஸ்’ நேர்ப்பாதைகள் நிறைந்த தடம். அங்கே மெக்லாரன் என்னை ஏமாற்றியதில்லை. நேபாளத்து மலைகளைக் காட்டுகிற ‘மிஸ்டிக் பீக்ஸ்’ தடத்தில் வளைவுக்கு வளைவு ஃபெராரி ஒட்டிக்கொண்டு வரும். நியாயமாகச் சொன்னால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதுகெலும்பில் உறுமல் இல்லை, நடு இருக்கை இல்லை, சுற்றுவதற்கு ஜன்னல் பிடியும் இல்லை. எவற்றுக்காக அந்த விலை வைத்தார்களோ அவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

முடிவைத் தீர்மானித்தது கீபோர்டு. வலது பக்கம் அம்புக்குறி பட்டன்கள், இடது பக்கம் எழுத்துகள். அண்ணன் மூத்தவன் என்பதால் அம்புக்குறி அவனுக்கு. நான் எழுத்துகளில் தடவிக்கொண்டிருப்பேன். அவன் ஆக்ஸிலரேட்டரையும் திருப்பத்தையும் சேர்த்து அமுக்குகிற நேரம் நானும் அமுக்கினால் கீபோர்டு திணறி ‘கீங்’ என்று கத்தும். அதற்குப் பிறகு என் பட்டன் வேலை செய்யாது. 1995இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்த காரின் வம்சம், மலைப்பாதையில் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு போகும். கீறல்கூட விழாது. அந்த விளையாட்டில் எவ்வளவு வேகத்தில் எதில் மோதினாலும் வண்டி புத்தம்புதிதாகவே இருக்கும். இதுதான் அதன் ஆகப்பெரிய பொய் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிற்பாடு ‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சனின் கதை தெரியவந்தது. அவரிடமும் மெக்லாரன் எஃப்1 இருந்தது. 2011இல் இங்கிலாந்தில் அதை மரத்தில் மோதினார். பழுதுபார்க்க இன்சூரன்ஸ் கொடுத்த தொகை சுமார் 9 லட்சத்துப் 10 ஆயிரம் பவுண்டு. அடிபட்டு, தேறி வந்த அந்த வண்டியை 2015இல் விற்றபோது சுமார் 80 லட்சம் பவுண்டுக்குப் போனதாகச் செய்தி. அவர் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, பார்த்தாயா மெக்லாரனின் மதிப்பை என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“இடிக்க இடிக்க வெல கூடுமாக்கும்? அப்ப நீ ஓட்டுன வண்டிய இன்னிக்கு வித்தா, திருநெல்வேலியையே வாங்கிரலாம்ல.”